அத்தியாயம் 6: கூட ஓடுபவர்தான் எதிராளி

நெடுந்தூரக் குதிரைச் சவாரிப் போட்டியில் எல்லைக்கோட்டை முதலில் தொட்டவர் அந்த நொடியில் இன்னும் வெற்றி பெற்றவர் ஆகிவிடுவதில்லை. குதிரையின் இதயத்துடிப்பு, குறித்த நேரத்துக்குள் நிமிடத்துக்கு 64 அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும். நான்கு காலும் நொண்டாமல் அது மருத்துவர் முன்னால் ஓடிக் காட்ட வேண்டும். அவர் பார்த்து, தொட்டு, காது வைத்துக் கேட்டு, அட்டையில் குறித்த பிறகுதான் அந்த ஓட்டம் கணக்கில் சேரும். முதலில் வந்தவரின் குதிரை தேறாமல், பின்னால் நிதானமாக வந்தவருக்குப் பரிசு போவது இந்த விளையாட்டில் புதுமையல்ல. இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விதியிலிருந்து பிறப்பவை.

ரேக்ளாப் பந்தயம் பார்த்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று மனதில் ஏறாது. அங்கே பெரிய குதிரை, சின்னக் குதிரை என்று பிரிவுகள், சில கிலோமீட்டர் தூரம், இருபுறமும் பைக்கில் கத்திக்கொண்டு வரும் கூட்டம். முதலில் வந்த வண்டிக்குக் கோப்பை. அந்த ஓட்டத்தின் கணக்கு வேறு. அதே மனதோடு 40 கிலோமீட்டர் சவாரிக்குக் கிளம்பினால் பாதித் தூரத்திலேயே குதிரையின் தொடைத் தசை நடுங்கத் தொடங்கும். நம் பக்கத்து ஊர்களான நைனார்பாளையம், சின்னசேலத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் பலரும் வேகத்துக்காக வளர்ப்பவர்கள். அவர்கள் முதலில் பழக வேண்டியது பக்கத்துக் குதிரை முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டே தன் குதிரையைத் தன் வேகத்தில் வைத்திருப்பது. மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கடினம்.

முடிப்பதன் மதிப்பு

1955இல் கலிபோர்னியாவில் வெண்டெல் ராபி என்பவர் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, தாஹோ ஏரிப் பக்கத்திலிருந்து சியரா நெவாடா மலையைத் தாண்டி ஆபர்ன் ஊர் வரை 100 மைல் தூரத்தை ஒரே நாளில் குதிரையில் கடந்து காட்டினார். இக்காலத்துக் குதிரைகளுக்கு அந்தத் தெம்பு கிடையாது என்று சொன்னவர்களுக்கு அது பதில். டெவிஸ் கோப்பை என்ற பெயரில் அந்தச் சவாரி இன்றும் நடக்கிறது. பரிசுப் பணம் கிடையாது. 24 மணி நேரத்துக்குள் நல்ல குதிரையோடு முடித்த ஒவ்வொருவருக்கும் இடுப்பு வாருக்கு ஒரு வெள்ளிக் கொக்கி. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் அதே கொக்கிதான். புறப்படுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரே முடிக்கிறார்கள் என்பதால் அந்தக் கொக்கிக்கு உலகம் முழுவதும் மரியாதை. முதல் பத்து இடங்களில் வந்த குதிரைகளில் எது மிக நல்ல உடல்நிலையில் இருக்கிறதோ அதற்கு ஹாகின் கோப்பை என்று தனிப் பரிசு, 1964 முதல். அனுபவசாலிகள் பலர் முதல் பரிசைவிட இதைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். 1972இல் தொடங்கிய ஏ.இ.ஆர்.சி. என்ற அமெரிக்க அமைப்பு, முடிப்பதே வெல்வது என்பதைத் தன் முழக்கமாகவே வைத்துக்கொண்டது.

நமக்குப் பக்கத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த நிதா அஞ்சும் 2023இல் பிரான்சின் காஸ்டெல்சக்ராட்டில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் 120 கிலோமீட்டரை ஏழரை மணி நேரத்துக்குள் முடித்தார். அப்படி முடித்த முதல் இந்தியர் அவர். மறு ஆண்டு பெரியவர்களுக்கான உலகப் போட்டியில் 160 கிலோமீட்டரையும் முடித்தார். செய்தித்தாள்கள் கொண்டாடியது அவர் எத்தனையாவதாக வந்தார் என்பதைவிட, முடித்தார் என்பதைத்தான்.

போட்டி மட்டும் வளர்ந்து தோழமை தேய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. வளைகுடாவின் சமதளப் பாலைவனத் தடங்களில் பரிசும் வேகமும் ஏற ஏற, ஓட்டத்தின் நடுவே குதிரைகளின் கால் முறிவதும் அவை சாவதும் உலகச் செய்தியாயின. 2015 மார்ச்சில் எஃப்.இ.ஐ. என்னும் உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, ஐக்கிய அரபு அமீரகத்தின் கூட்டமைப்பைச் சில மாதங்கள் இடைநீக்கமே செய்தது. அதே அமீரகத்தில், அபுதாபியின் பூதிப் என்ற இடத்தில், மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடாது, துடிப்பு 56க்கு இறங்க வேண்டும் என்ற விதிகளோடு போட்டி நடத்திக் காட்டினார்கள். 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் டிரையனில் நடந்த உலகப் போட்டியில், வெயிலும் புழுக்கமும் தாங்காமல் குதிரைகள் அடுத்தடுத்து சிகிச்சைக்குப் போக, நெடுந்தூர ஓட்டத்தையே பாதியில் நிறுத்தினார்கள். உலகத்தரம் வாய்ந்த சவாரிக்காரர்கள் இருந்த களம் அது. ஆகவே நிதானம் என்பது புதியவர்களுக்கு மட்டும் சொல்லும் புத்தி என்று எண்ண வேண்டாம்.

துணையை எப்படித் தேர்ந்தெடுப்பது

துணைக்கு வருபவர் நண்பராக இருப்பதைவிட அவருடைய குதிரையின் நடை உங்கள் குதிரையின் நடையோடு ஒத்துப்போவது முக்கியம். நடையில் மணிக்கு ஆறு, ஏழு கிலோமீட்டரும், டிராட் என்னும் துள்ளோட்டத்தில் பன்னிரண்டு முதல் பதினான்கு வரையும் போகும் குதிரைகள் இரண்டும் நல்ல ஜோடி. ஒன்று நீளக்கால் மார்வாரி இனம், இன்னொன்று மட்டக்குதிரை என்றால், மட்டக்குதிரை நாள் முழுக்க ஓடிக்கொண்டும் மார்வாரி நாள் முழுக்கக் கடிவாளத்தை இழுத்துக்கொண்டும் இருக்கும். இரண்டும் கெடும். அப்படிப்பட்ட நண்பரோடு பயிற்சியில் சேர்ந்து போங்கள், போட்டியன்று பிரிந்து போங்கள், மாலையில் மறுபடி சேர்ந்துகொள்ளுங்கள்.

முன்னால் போகும் குதிரைக்கு மனக்களைப்பு அதிகம். பாலித்தீன் பை, நாய், வரப்பில் கிடக்கும் ஹோஸ் பைப் எல்லாவற்றையும் முதலில் பார்த்து மிரள்வது அதுதான். அதனால் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாறிக்கொள்ளுங்கள். "அண்ணே, கொஞ்சம் நான் முன்னால போறேன், உங்க குதிரை மூச்சு வாங்கட்டும்" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். எதிராளிக்குச் சலுகை கொடுப்பதாகவும் நினைக்க வேண்டாம். கூட்டு விலங்கான குதிரை, தனியாக இழுத்துப்பறித்துக் கொண்டு ஓடுவதைவிடத் துணையோடு அமைதியாக ஓடும்போது குறைவாகவே களைக்கும். அந்த மிச்சம் உங்கள் இருவர் கணக்கிலும் ஏறும்.

இடைவெளி பற்றி ஓர் அளவு. உங்கள் குதிரையின் இரண்டு காதுகளுக்கு நடுவே முன்னால் போகும் குதிரையின் பின்னங்குளம்புகள் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் உதை விழும் தூரத்தில் இருக்கிறீர்கள். நம் பக்கம் ஆண் குதிரைகளைக் காயடிக்காமலேயே வளர்க்கும் வழக்கம் இருப்பதால் இதை இருமடங்கு கவனமாகப் பாருங்கள். உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்புத் துணி கட்டுவது உலக வழக்கம். உங்கள் குதிரைக்கு அந்தக் குணம் உண்டென்றால் மறைக்காமல் கட்டிவிடுங்கள்.

தொட்டியடியில்

இந்த விளையாட்டின் பண்பு முழுவதும் தண்ணீர்த் தொட்டியடியில் தெரியும். பம்புசெட் தொட்டி ஒன்றில் இரண்டு குதிரைகள் வாய் வைத்திருக்கின்றன. தண்ணீரை உறிஞ்சும்போது ஒவ்வொரு மிடறுக்கும் காது முன்னும் பின்னும் அசையும். கூர்ந்து பார்த்தால் எண்ணிவிடலாம். இருபது முப்பது மிடறு குடித்ததும் குதிரை தலையைத் தூக்கும். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் தூரத்தைப் பார்க்கும். பழகாதவர் குடித்து முடித்துவிட்டது என்று கடிவாளத்தைத் திருப்பிவிடுவார். பழகியவர் காத்திருப்பார். அரை நிமிடம் கழித்துத் தலை மறுபடி கீழே போகும். பல குதிரைகள் இந்த இரண்டாம் முறையில்தான் தேவையான அளவு குடிக்கின்றன.

அந்த நேரத்தில் பக்கத்துக் குதிரை கிளம்பிவிட்டால், தலை தூக்கிய குதிரை அதையே பார்க்கும், திரும்பக் குடிக்காது. அதனால்தான் உலகெங்கும் எழுதாத சட்டமாக ஒன்றைக் கடைப்பிடிக்கிறார்கள்: கடைசிக் குதிரை குடித்து முடிக்கும்வரை யாரும் தொட்டியை விட்டு நகர்வதில்லை. முன்பின் தெரியாதவராக இருந்தாலும், அவர்தான் உங்களுக்கு அடுத்த இடத்தில் துரத்தி வருபவராக இருந்தாலும். "நீ முடிச்சிக்கப்பா, நாங்க நிக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் அந்த ஆள் யார் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த போட்டியில் அவரோடு சேர்ந்து ஓடலாம்.

குதிரையின் வியர்வை நம் வியர்வையைவிட உப்பு மிகுந்தது. வெயிலில் உழைக்கும் குதிரை மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும். தண்ணீரோடு உப்பும் போய்விடுவதால் அதற்குத் தாகம் சரியாக எழாது. ஆகவே குடிக்க மறுக்கும் குதிரையைத் தெம்பாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். உப்புக் கரைசல் கொடுப்பது நல்லதுதான். ஆனால் தண்ணீர் குடிக்காத குதிரைக்கு உப்பை மட்டும் வாயில் ஊற்றுவது கெடுதல் செய்யும்.

தாண்டிப் போவதும் நின்று உதவுவதும்

குறுகிய வண்டிப்பாதையில் பின்னாலிருந்து பாய்ந்து தாண்டுவது இந்த விளையாட்டில் மிகப் பெரிய மரியாதைக் குறைவு. தூரத்திலேயே குரல் கொடுங்கள்: "அக்கா, வலப்பக்கமா தாண்டிக்கட்டுமா?" அவர் ஒதுங்கி, சரி என்று சொன்ன பிறகு நடையில் தாண்டுங்கள். தாண்டிய பிறகும் சிறிது தூரம் நடையிலேயே போனால், பின்னால் இருக்கும் குதிரை துள்ளிக் கடிவாளத்தை மீறாது.

யாராவது விழுந்துவிட்டால், அல்லது ஆளில்லாத குதிரை எதிரே ஓடி வந்தால், நில்லுங்கள். இதில் யோசிக்க எதுவும் இல்லை. இழந்த நேரத்தைப் பற்றி அமைப்பாளர்களிடம் பிறகு பேசிக்கொள்ளலாம். ஓடி வரும் குதிரையைத் துரத்தக் கூடாது. உங்கள் குதிரையை அசையாமல் நிறுத்தினாலே பெரும்பாலும் அது பக்கத்தில் வந்து நிற்கும். இறங்கிப் பிடித்து, ஆளை விசாரித்து, தலையில் அடிபட்டிருந்தால் மறுபடி ஏறவிடாதீர்கள்.

பரிசோதனைக் களம்

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குதிரை பரிசோதனைக்கு வரும். எஃப்.இ.ஐ. விதியில், கடைசிச் சுற்றைத் தவிர மற்றவற்றில், துடிப்பு 64க்கு இறங்கிவிட்டது என்று காட்டும் வரை உங்கள் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே கடைசி ஒரு கிலோமீட்டரைப் பாய்ந்து வந்து ஒரு நிமிடம் மிச்சம் பிடித்தவர், களத்தில் பத்து நிமிடம் நின்று அதை இழப்பார். கடைசி அரைக் கிலோமீட்டரை இறங்கி நடந்து, சேண வாரைத் தளர்த்திக் கொண்டு வாருங்கள்.

ஓய்வில் இருக்கும் குதிரைக்குத் துடிப்பு 28 முதல் 44 வரை இருக்கும். இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். சூடான குதிரை மேல் தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று நம் ஊரில் பயப்படுவார்கள். பயப்பட வேண்டாம். கழுத்து, மார்பு, தொடை என்று உடல் முழுக்கத் தொடர்ந்து குளிர்ந்த நீர் ஊற்றுவதுதான் சூட்டைத் தணிக்க மிக நல்ல வழி என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டிவிட்டன.

இங்கே தோழமைக்குப் பெரிய வேலை இருக்கிறது. நண்பனின் குதிரை கண்ணிலிருந்து மறைந்தால் உங்கள் குதிரை கனைக்கும், துடிப்பு ஏறும். 60இல் இருந்தது சட்டென்று 80ஐத் தொடும். இரண்டு குதிரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டும் இறங்கிய பிறகு சேர்ந்தே மருத்துவரிடம் போவது இருவருக்கும் லாபம். உங்களோடு வந்த ஆட்கள் நாலு குடம் தண்ணீர் கூடுதலாக எடுத்து வந்திருந்தால், தனியாக வந்தவரின் குதிரைக்கும் ஊற்றச் சொல்லுங்கள். அவர் உங்களை முந்தக்கூடியவர் என்றால் இன்னும் தயங்காமல் ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் கிடைக்காததால் தோற்ற ஒருவரை வென்றோம் என்பதில் பெருமை எதுவும் இல்லை.

மருத்துவர் ஈறுகளின் நிறத்தைப் பார்ப்பார், ஈறை விரலால் அழுத்தி விட்டு இரத்தம் திரும்பும் நேரத்தைப் பார்ப்பார், வயிற்றின் நான்கு பக்கமும் குடல் சத்தம் கேட்பார். பிறகு 38 மீட்டர் ஓடிப் போய்த் திரும்பி வரச் சொல்வார். ஓட ஆரம்பித்த நொடியிலிருந்து ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணும்போது துடிப்பு முன்பைவிட ஏறியிருந்தால் குதிரை களைத்துவிட்டது என்று பொருள். தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடித்து ஓட்டுங்கள்; இழுத்துப் பிடித்தால் நொண்டாத குதிரையும் நொண்டுவது போலத் தெரியும். மருத்துவரோடு வாதாடாதீர்கள். குதிரையின் வலியைச் சொல்லும் வாய் அங்கே அவர் ஒருவர்தான்.

நிறுத்துவது

கிளம்பும் முன்பே துணையோடு ஒரு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் குதிரை தேறாவிட்டால் மற்றவர் தொடர்வாரா, நிற்பாரா? வழியில் கண் கலங்க நின்றுகொண்டு முடிவு செய்யும் விஷயமல்ல இது. பெரும்பாலும் தொடர்வதே சரி. தனியாகப் போகும் குதிரை முதல் இரண்டு கிலோமீட்டர் திரும்பித் திரும்பிப் பார்க்கும். நடையில் கொண்டுபோனால் அடங்கிவிடும். இல்லையென்றால் பின்னால் வரும் கூட்டத்துக்காகக் காத்திருந்து அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

நிறுத்தப்பட்டவரிடம் "இன்னொரு தடவை காட்டிப் பாருடா" என்று ஏற்றிவிடாதீர்கள். அவருடைய சேணத்தைத் தூக்கிக்கொடுங்கள், வண்டி ஏற்பாடு செய்துகொடுங்கள். தானாகவே நிறுத்திக்கொண்டவருக்கு மாலையில் எல்லோர் முன்னிலையிலும் கைதட்டல் கொடுக்கும் வழக்கத்தை நம் பக்கத்துப் போட்டிகளில் முதல் நாளிலிருந்தே கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை.

ஊரும் மலையும்

தோழமை சவாரிக்காரர்களோடு நின்றுவிடுவதில்லை. வழிநெடுகிலும் இருக்கும் விவசாயிகளின் நல்லெண்ணம் இல்லாமல் இங்கே 40 கிலோமீட்டர் தடம் கிடைக்காது. மக்காச்சோள அறுப்புக் காலத்தில் தார்ச்சாலையில் பாதி களமாகிவிடும். உலரும் தானியத்தில் ஒரு குளம்பும் படக்கூடாது. இறங்கி, ஓரமாக நடத்திப் போங்கள். மரவள்ளிக் காட்டு வரப்பு ஈரமாக இருந்தால் அந்த வழியே வேண்டாம். தொட்டித் தண்ணீரைக் கேட்டு எடுங்கள், எடுத்தபின் ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டால் பின்னங்கால் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை வையுங்கள்.

நைனார்பாளையத்துக்குத் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள ஏரிக்கரைகளும் மண்பாதைகளும் முதல் ஆண்டுப் பயிற்சிக்குப் போதும். கல்வராயன் மலை வடக்கே, சேலம்–உளுந்தூர்பேட்டை நான்குவழிச் சாலைக்கு அப்பால். அந்தச் சாலையைக் குதிரையில் கடக்க நினைக்காதீர்கள். வண்டியில் ஏற்றிக் கச்சிராயபாளையம் வரை கொண்டுபோய், கோமுகி அணைப் பக்கத்து அடிவாரத்தில் மேடு பழக்குங்கள். மலையின் பெரும் பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக்கூடாது. வெள்ளிமலை போகும் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தும் ஜீப்பும் வரும். அது குதிரைக்கு உகந்த தடமல்ல. மேட்டில் துணையின் குதிரை மூச்சிரைத்தால் முதலில் நீங்கள் இறங்குங்கள். கூச்சப்பட்டுக்கொண்டிருந்த அவரும் இறங்கிவிடுவார்.

உங்கள் ஊரில் முதல் ஓட்டம்

மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் ஏற்ற காலம். அப்போதும் புழுக்கத்தைப் பாருங்கள். வெப்பத்தை பாரன்ஹீட்டில் எடுத்து, ஈரப்பத விழுக்காட்டைக் கூட்டுங்கள். 150ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், 180ஐ நெருங்கினால் ஓடவே கூடாது. 30 டிகிரி செல்சியஸ் என்பது 86 பாரன்ஹீட். ஈரப்பதம் 70 என்றால் கூட்டுத்தொகை 156. காலை இதமாக இருக்கிறது என்று நம்பிக் கிளம்பிய நாளில்கூட இந்த எண் வந்துவிடும்.

நான்கு குதிரை, ஒரு கால்நடை மருத்துவர், தண்ணீர் சுமக்க நாலு பேர் இருந்தால் 20 கிலோமீட்டர் ஓட்டம் நடத்திவிடலாம். பத்துப் பத்தாக இரண்டு சுற்று, நடுவில் ஒரு பரிசோதனை, முக்கால் மணி நேர ஓய்வு. மணிக்குப் பத்து கிலோமீட்டரைத் தாண்டினால் தகுதி இல்லை என்று முதலிலேயே அறிவியுங்கள். முதலில் வந்தவருக்குத் தனிப் பரிசு வேண்டாம். முடித்தவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏதாவது கொடுங்கள். நல்ல உடல்நிலையில் வந்த ஒரு குதிரைக்கு மட்டும் கோப்பை. குதிரைகளிடையே பரவி மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்ற சான்று இல்லாமல் வெளியூர்க் குதிரை எதையும் சேர்க்காதீர்கள். ஆலோசனைக்குத் தலைவாசல் கூட்டுரோட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பக்கத்து ஊரில் குதிரை வைத்திருப்பவர் யாரென்று விசாரித்து இந்த வாரமே போய்ப் பாருங்கள். ரேக்ளாவில் உங்களோடு மோதியவராக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு குதிரைகளின் ஓய்வுத் துடிப்பையும் ஒரே நோட்டில் எழுதி, மார்கழிக்குள் ஐந்து கிலோமீட்டர் சேர்ந்து நடத்திப் பாருங்கள்.